தம்பி வீட்டு மொட்டமாடிக்கு எந்த அடுப்பு, எந்தக் கரி, எப்படிப் பத்த வைக்க?

என் தம்பி மதுரையில புது வீடு கட்டிக் குடி போயிட்டான், மொட்டமாடி நல்லா விசாலமா இருக்கு. போன வாரம் போன் பண்ணி "அக்கா, பார்பிக்யூ அடுப்பு ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், ஆன்லைன்ல பாத்தா ஆயிரம் வகை கெடக்கு, எதை வாங்க, நீதான் வருசக்கணக்கா சுட்டுக்கிட்டு கெடக்கியே"ன்னான். சொல்ல ஆரம்பிச்சா ஒரு மணி நேரம் போயிருச்சு, அப்பவும் பாதிதான் சொல்லிருந்தேன். பின்னாடி இருந்து அவன் பொண்டாட்டி "மதினி, எழுதி அனுப்பிருங்க, இவுக பாதிய மறந்துருவாக"ன்னு சத்தம் போட்டுச்சு. சரின்னு உக்காந்து எழுதுனா நீளமா வந்துருச்சு, வேற யாருக்காவது உதவும்னு இங்கயும் போடுறேன்.

மொதல்ல நான் பண்ண கூத்தைச் சொல்லிடுறேன். மொத மொத நான் வாங்குனது ஆன்லைன்ல வந்த மடக்குற டைப் தகரப் பெட்டி, நாலு கால், மேல ஒரு கம்பி வலை, அவ்வளவுதான், மூடி கிடையாது. ஞாயித்துக்கிழமை எட்டு பேருக்கு லெக் பீஸ் வாங்கி, முந்தின நாள் ராத்திரியே தயிர் மொளகாத்தூள் எல்லாம் போட்டு ஊற வச்சு, கரியக் கொட்டி மண்ணெண்ணெய ஊத்திப் பத்த வச்சோம். பத்து நிமிசத்துல வெளிய கன்னங்கரேல்னு ஆயிருச்சு, ஆஹா வெந்துருச்சுன்னு எடுத்துக் கடிச்சா எலும்புக்கிட்ட ரோஸ் கலர்ல பச்சையா இருக்கு, அதோட ஒவ்வொரு வாய்க்கும் மண்ணெண்ணெய் வாசம் வேற. கடைசியில அத்தனையையும் குக்கர்ல போட்டு மூணு விசில் விட்டு குழம்பாக்கிச் சாப்பிட்டோம். எங்க மாமியார் இன்னைக்கும் வீட்டுக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் அந்தக் கதைய ஒரு தடவை சொல்லிருவாங்க.

அப்புறம் யோசிச்சப்பதான் புரிஞ்சது, கோழி மேலயும் தப்பில்ல மசாலா மேலயும் தப்பில்ல. கரி நெருப்புக்கு காத்துதான் எல்லாம். எவ்வளவு காத்து உள்ள போகுதோ அவ்வளவு சூடு, காத்தை அடைச்சா நெருப்பு அடங்கிரும். அந்தத் தகரப் பெட்டியில காத்தைக் கூட்டவும் முடியாது கொறைக்கவும் முடியாது, கரிக்கும் கறிக்கும் நடுவுல நாலு விரல் எடம்தான், கொழுப்பு சொட்டுனா குப்புன்னு தீ எந்திரிக்கும், கறிய நகத்தி வைக்க ஓரம்னு ஒண்ணு கிடையாது. அதனால அடுப்பு வாங்கப் போறப்ப எத்தனை பர்னர், எத்தனை தட்டு, சக்கரம் இருக்கா, பாட்டில் ஓப்பனர் இருக்கான்னு பாக்காதீங்க. மூடி இருக்கா, கீழ காத்து வர ஓட்டை இருக்கா, மேல போக ஓட்டை இருக்கா, அது ரெண்டையும் தொறந்து மூட முடியுமா, இதை மட்டும் பாருங்க.

இப்போ அடுப்பு வகைக்கு வருவோம். நம்ம ஊர்ல ஒருத்தர் வாங்குறதா இருந்தா நடைமுறையில நாலு வழிதான் இருக்கு, மடக்குற தகரப் பெட்டி, வெல்டிங் பட்டறையில பாதி ட்ரம் அடிக்கிறது, உருண்டையா மூடி போட்ட கெட்டில் கிரில், அப்புறம் முட்டை மாதிரி இருக்கிற பீங்கான் அடுப்பு. பீங்கான் அடுப்பை ஒரே வரியில முடிச்சிடுறேன், அருமையான சாமான், கொஞ்சூண்டு கரியில மணிக்கணக்கா சூடு நிக்கும், ஆனா வெலையக் கேட்டா நெஞ்சு அடைக்கும், எடையும் ஆள் தூக்குற எடை இல்ல, மொட்டமாடிக்கு ஏத்துறதுக்கே நாலு பேரு வேணும். காசு இருக்கிறவங்க வாங்கிக்கோங்க. தகரப் பெட்டியும் சுத்தமா வேஸ்ட்னு சொல்ல மாட்டேன், சோளம் சுட, பனீர் சுட, ரெண்டு பேருக்கு மீன் சுட, கார் டிக்கியில போட்டுக்கிட்டு ஆத்தங்கரைக்குப் போக நல்லாத்தான் இருக்கு. எலும்போட இருக்கிற கறிய மட்டும் அதுல வைக்காதீங்க.

நெஜமான போட்டி ட்ரம்முக்கும் கெட்டிலுக்கும்தான். கெட்டில் எப்படி வந்துச்சுன்னு ஒரு கதை இருக்கு, அமெரிக்காவுல சிகாகோ பக்கம் வெபர் பிரதர்ஸ்னு ஒரு இரும்பு பட்டறையில ஜார்ஜ் ஸ்டீஃபன்னு ஒருத்தர் வேலை பாத்தாரு, அங்க தண்ணியில மெதக்க விடுற மிதவைக்கு இரும்பு உருண்டை அடிப்பாங்க, இவருக்கு வீட்டுல தொறந்த அடுப்புல சுட்டுச் சுட்டு காத்தும் மழையும் சாம்பலும் பட்டு வெறுத்துப் போயி 1952ல அந்த மிதவைய ரெண்டா வெட்டி, கீழ்ப்பாதி அடுப்பு மேல்பாதி மூடின்னு பண்ணிட்டாரு. இன்னைக்கு வரைக்கும் அடிப்படை வடிவம் அதேதான், நம்ம ஊர்ல விக்கிற சீப்பான காப்பிகளும் அதே வடிவம்தான். இந்த மூடியோட அருமை கோயம்புத்தூர்ல இருக்கிற எனக்கு நல்லாவே தெரியும், ஆனி ஆடியில பாலக்காட்டுக் கணவாய் வழியா அடிக்கிற காத்துக்கு தொறந்த அடுப்புல கரி அரை மணி நேரத்துல எரிஞ்சு தீந்துரும், பறக்குற சாம்பல் பூரா கறி மேல.

கெட்டில்ல சைஸ் ரெண்டு மூணு வரும், 47 சென்டிமீட்டர், 57 சென்டிமீட்டர்னு. நாலு பேர் குடும்பம்தானே சின்னது போதும்னு எடுத்துராதீங்க, அங்கதான் எல்லாரும் ஏமாறுறது. ஏன்னா கரிய ஒரு பக்கமா ஒதுக்கிட்டு மறுபக்கம் காலியா விட்டு அங்கதான் கறிய வேக வைக்கப் போறோம், அதனால வட்டத்துல பாதிதான் உங்களுக்கு. 47ல பாதின்னா ஆறு லெக் பீஸ் வச்சா ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும், 57ன்னா முழுக்கோழி ரெண்டு தாராளமா வைக்கலாம். வெலை வித்தியாசம் உறுத்தத்தான் செய்யும், ஆனாலும் பெருசையே வாங்குங்க.

ட்ரம்முக்கு ஆசைப்படுறவங்க நெறைய பேரு, வெலை கம்மி, கெட்டி, இருவது முப்பது பேருக்கு ஒரே நேரத்துல சுடலாம். எங்க கொழுந்தனார் ஒண்ணு அடிச்சு வச்சிருக்காரு, பொங்கலுக்கு எல்லாரும் கூடுறப்ப அதுதான் வேலை செய்யும். ஆனா இதுல கவனிக்க வேண்டியது மூணு இருக்கு. பழைய 200 லிட்டர் ட்ரம்னா அதுல முன்னாடி என்ன இருந்துச்சுன்னு கேளுங்க, கெமிக்கல் இருந்ததுன்னா வேண்டவே வேண்டாம், சமையல் எண்ணெய் இருந்த ட்ரம்மாவே இருந்தாலும் உள்ளயும் வெளியயும் இருக்கிற பெயிண்ட் போக சமைக்காம ரெண்டு தடவை நல்லா வெறகு வச்சு எரிச்சு, தேச்சு எடுத்துட்டுத்தான் அடுப்பாக்கணும். ரெண்டாவது மேல வைக்கிற வலை, பட்டறைக்காரர் கையில கெடக்கிற ஜிஐ வெல்ட் மெஷ்ஷை வெட்டி வச்சுக் குடுத்துருவாரு, அது துத்தநாகம் பூசுனது, நெருப்புல காஞ்சா அந்தப் பூச்சு வெந்து புகையாகும், சாப்பாட்டுக்கு ஆகாது. பழைய ஃப்ரிட்ஜ் தட்டையும் வைக்காதீங்க, அது மேல என்ன பூச்சு பூசியிருக்குன்னு நமக்குத் தெரியாது. எஸ்எஸ் கம்பிய ஒரு இன்ச்சுக்கும் கம்மியான இடைவெளியில வச்சு வெல்டு பண்ணச் சொல்லுங்க, கூலி கூடத்தான் ஆகும். மூணாவது மூடி, கீல் போட்டு மேல்பாதியையே மூடியாக்கி, கீழ ரெண்டு ஓட்டை, அதை மூடித் தொறக்க ஒரு நழுவு தகடு, மேல ஒரு சாண் உயரத்துக்குப் பைப்பு. இவ்வளவும் பண்ணிட்டீங்கன்னா அது கெட்டில் பண்ற வேலைய அப்படியே பண்ணும், பண்ணலைன்னா அது நீளமான தகரப் பெட்டி, அவ்வளவுதான்.

தம்பி, உனக்குன்னு கேட்டா 57 கெட்டில். வருசத்துக்கு ஒரு தடவை கூட்டம் கூட்டுறதுக்காக ட்ரம்மை வாங்கிப்போட்டா மிச்ச நாளெல்லாம் நாலு பேருக்குச் சுட அவ்வளவு பெரிய அடுப்புல கரியக் கொட்டணும்.

அடுத்து கரி. இதுலதான் எனக்கு ரொம்பப் பேச வரும், ஏன்னா நாங்க மானாமதுரைப் பக்கம், எங்க பெரியப்பா கரிமூட்டம் போட்டவர். எங்க சீமைக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம், ராமநாதபுரம் சிவகங்கை விருதுநகர் பூராவும் சீமைக்கருவேலந்தான், அதை வெட்டி அடுக்கி மேல தழை வைக்கோல் போட்டு, ஈரமண்ணைக் குழைச்சுப் பூசி, உள்ள தீய விட்டு, அங்கங்க சின்னச் சின்ன ஓட்டை மட்டும் விட்டுருவாங்க. சின்ன மூட்டம்னா மூணு நாலு நாள், பெருசுன்னா வாரத்துக்கு மேலயும் போகும். அத்தனை நாளும் பெரியப்பாவுக்கு வேலை என்னன்னா புகையப் பாக்குறதுதான். வெள்ளை வெளேர்னு கெட்டியா வந்தா வெறகுல இன்னும் தண்ணி இருக்கு, மெலிசா நீலமா வந்தா அந்தப் பக்கம் கரியாயிருச்சு, உடனே அந்த ஓட்டைய மண்ணை வச்சு அடைக்கணும், விட்டா காத்து போயி கரி பூரா சாம்பலாயிரும். ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சுப் போயி ஓட்டை அடைச்சிட்டு வருவாரு. நான் கெட்டில் மூடியில இருக்கிற சின்னத் தகட்டைத் திருப்பி ஓட்டைய மூடுறப்ப எல்லாம் அவரு ஞாபகம்தான் வரும், ரெண்டும் ஒரே வேலை.

இந்த சீமைக்கருவேலங் கரியத்தான் நான் முதல்ல சொல்லுவேன். ஊர் பூரா அந்த மரத்தைத் திட்டுறோம், நெலத்தடி தண்ணிய உறிஞ்சுதுன்னு கோர்ட் வரைக்கும் போச்சு, அது தனிக்கதை. ஆனா அமெரிக்காவுல டெக்சாஸ் பக்கம் மெஸ்கீட்னு ஒரு மரத்தோட கரியையும் வெறகையும் கறி சுடறதுக்குன்னே காசு குடுத்து வாங்குறாங்க, அந்த மெஸ்கீட் வேற யாருமில்ல, நம்ம சீமைக்கருவேலத்தோட பங்காளி, ஒரே குடும்பம். நல்லா கெட்டியான மரம், சூடு அதிகம், சீக்கிரம் பத்திக்கும். கொறைன்னு பாத்தா பொறி பறக்கும், பத்த வைக்கிறப்ப பட் பட்டுனு வெடிச்சு சட்டையில ஓட்டை போட்டுரும், அதனால நைட்டி நைலான் சேலையோட கிட்ட நிக்காதீங்க. அப்புறம் துண்டு ஒரே அளவா இருக்காது, ஒண்ணு கை மொத்தம் ஒண்ணு வெரல் மொத்தம்.

எங்க வாங்குறதுன்னா சூப்பர் மார்க்கெட்ல அழகா பை போட்டு வச்சிருக்கிறதை விட்டுட்டு வெறகுக்கடைக்குப் போங்க, இல்லைன்னா தெருவுல இஸ்திரி வண்டி வச்சிருக்கவருகிட்ட எங்க கரி எடுக்குறீங்கன்னு கேளுங்க, கரெக்டா சொல்லுவாரு. வாங்குறப்ப ரெண்டு துண்டை எடுத்து ஒண்ணோட ஒண்ணு தட்டிப் பாருங்க, ஓடு தட்டுன மாதிரி டங்குனு சத்தம் வந்தா நல்ல கரி, மொத்துனு விழுந்தா ஈரமா இருக்கும், இல்லைன்னா அரைவேக்காடா இருக்கும். ஒடைச்சா உள்ள பழுப்பு தெரிஞ்சா அது இன்னும் முழுசாக் கரியாகல, வெறகாத்தான் இருக்கு, புகையாத் தள்ளும் கண்ணெல்லாம் எரியும். மூட்டைக்கு அடியில எப்பவும் தூளாத்தான் இருக்கும், அந்தத் தூளை அடுப்புல கொட்டாதீங்க, காத்துப் போற சந்தை எல்லாம் அடைச்சிரும், செடிக்குப் போட்டுருங்க.

ரெண்டாவது சிரட்டைக்கரி, கொட்டாங்குச்சிக் கரின்னு சொல்லுவீங்க. கொங்குப் பக்கம் காங்கேயம் பொள்ளாச்சியில தாராளமா கெடைக்கும், தண்ணி சுத்திகரிக்கிற கார்பனுக்கு அதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க. அப்படியே சிரட்டை வடிவத்துல இருக்கிற கரின்னா மெலிசா இருக்கும், அஞ்சு நிமிசத்துல பத்திக்கும், செம்ம சூடு, ஆனா சீக்கிரம் தீந்துரும், மீனுக்கும் ஈரலுக்கும் ஏத்தது, முழுக்கோழிக்குப் பத்தாது. அதையே அரைச்சு மரவள்ளி மாவுல கொழச்சு கட்டியா அழுத்தினது ஒண்ணு வருது, அது வேற ஜாதி. பத்த நேரம் எடுக்கும், ஆனா பத்திக்கிச்சுன்னா ரெண்டு மணி நேரம் ஒரே சீரா எரியும், புகை கம்மி, பொறி கிடையாது, வாசமும் பெருசா கிடையாது. அப்பார்ட்மென்ட்ல பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்கன்னு பயப்படுறவங்களுக்கு இதுதான் சரி. வாங்குறப்ப ஹூக்காவுக்குன்னு விக்கிற, தீக்குச்சி காட்டுனதுமே சர்ர்னு பொறி ஓடுற வட்டக் கட்டிய மட்டும் எடுத்துராதீங்க, சாம்பிராணி போட விக்கிற வில்லையும் அதே மாதிரிதான், சீக்கிரம் பத்தறதுக்கு மருந்து கலந்தது, சாப்பாட்டுக்குக் கீழ வைக்கிற சாமான் இல்ல.

இந்தக் கட்டிக் கரி ஐடியாவே ஃபோர்டு கார் கம்பெனியால பரவுனதுதான், மாடல் டி காருக்கு மரச்சட்டம் அறுக்கிறப்ப மிச்சமான துண்டு தும்பு மலையாக் குவிய, ஹென்றி ஃபோர்டு 1920கள்ல மிச்சிகன்ல அதைக் கரியாக்கிக் கட்டி பிடிச்சு வித்தாரு, கார் ஷோரூம்லயே வித்தாங்களாம். இன்னைக்கும் அங்க கிங்ஸ்ஃபோர்டுங்கிற பேர்ல வர்றது அந்தத் தொழிலோட வாரிசுதான். நம்ம ஊருக்கு அந்த இறக்குமதிக் கட்டி வருது, வாங்க வேண்டிய அவசியமே இல்ல, நம்ம சிரட்டைக் கட்டி அதைவிட மேல்.

என் வீட்டுல ரெண்டும் இருக்கும். லெக் பீஸ், மட்டன் சாப்ஸ்னா கருவேலங்கரி, முழுக்கோழி, இல்ல மூணு மணி நேரம் வேகுற சாமான்னா சிரட்டைக் கட்டி அடியில, மேல ரெண்டு துண்டு கருவேலங்கரி வாசத்துக்கு.

இப்போ பத்த வைக்கிற கதை. மண்ணெண்ணெய் ஏற்கெனவே சொல்லிட்டேன். முழுசா எரிஞ்சு போச்சுன்னா வாசம் போயிரும்னு சொல்லுவாங்க, போகும்தான், ஆனா நம்ம யாருக்கும் அந்தப் பொறுமை கிடையாது, அதோட கரி துளை துளையா இருக்கிறதால உறிஞ்சு வச்சுக்கும். அணையுற மாதிரி இருக்குன்னு நடுவுல பாட்டிலைத் தூக்கி ஊத்துனீங்கன்னா தீ பாட்டில் வரைக்கும் ஏறும், பெட்ரோலைப் பத்திப் பேசவே வேண்டாம், ஆவியே குப்புனு பிடிச்சிரும். கற்பூரம் நெறைய வீட்டுல பழக்கம், பத்திக்கும், ஆனா கரும்புகை அடைஅடையா வரும், கோழியில கோயில் வாசம் எனக்குப் பிடிக்கல.

கேஸ் அடுப்பு மேல அப்பளம் சுடுற கம்பி வலைய வச்சு நாலு துண்டு கரிய வச்சுப் பத்த வச்சு, அதை இடுக்கியில எடுத்துட்டுப் போயி மிச்சக் கரியில வச்சு விசிறுறது ஒரு வழி. மெரினாவுல சோளம் சுடுறவங்க விசிறுறதைப் பாத்திருப்பீங்க, அது மாதிரி. சிரட்டைக்கரிக்கு நல்லாவே வேலை செய்யும். ஆனா கருவேலங்கரி பொறி வெடிச்சு சமையக்கட்டு பூரா பறக்கும், கண்ணாடி டாப் அடுப்புன்னா ரொம்ப ரிஸ்க், நெருப்போட மாடிப்படி ஏறணும், குறுக்கால புள்ளைங்க ஓடும். நான் விட்டுட்டேன். கேஸ் டார்ச் வச்சிருக்கவங்க நேரா கரியில காட்டலாம், வேகம்தான், ஒரு எடம் பத்தும் மிச்சம் பத்தாது, பொறியும் மூஞ்சிக்கு நேரா வரும்.

எல்லாத்தையும் விட சிம்னி. பேரைக் கேட்டு மெரண்டுடாதீங்க, ஒரு தகரக் குழாய், ஒரு சாண் அகலம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கம்மியா உயரம், உள்ள அடியிலேருந்து நாலு விரல் தள்ளி ஒரு கம்பித் தட்டு, கீழ சுத்தி ஓட்டை, பக்கத்துல மரக் கைப்பிடி. தட்டுக்கு மேல கரி, தட்டுக்குக் கீழ பேப்பர். சூடான காத்து மேல ஏறுது, கீழேருந்து புதுக்காத்து தானா இழுத்துக்கிட்டு வருது, செங்கல் சூளையில புகைபோக்கி எதுக்கு வச்சிருக்காங்களோ அதே கணக்கு. விசிறி வேண்டாம் ஊதுகுழல் வேண்டாம், ஹேர் ட்ரையரை எடுத்துட்டு வந்து பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்கவும் வேண்டாம். வெலைக்கும் கெடைக்குது, இல்ல அதே பட்டறையில பத்து நிமிசத்துல அடிச்சிருவாங்க, இங்கயும் ஜிஐ தகடு வேண்டாம்னு சொல்லிருங்க.

நான் எப்படிப் பண்றேன்னு சொல்றேன். தினசரி பேப்பர் ரெண்டு தாளை எடுத்து லூஸா வளையம் மாதிரி சுருட்டி, மேல ரெண்டு ஸ்பூன் கடலெண்ணெய் தெளிச்சுக்குவேன், எண்ணெய் இருந்தா பேப்பர் படக்குனு எரிஞ்சு போகாம திரி மாதிரி நின்னு எரியும். பேப்பர் இல்லைன்னா வெளக்குத்திரி அஞ்சாறு எண்ணெயில தோச்சு வச்சாலும் பிரமாதமா வேலை செய்யும், தீபத்துக்கு வாங்கி மிச்சமானது எல்லா வீட்டுலயும் கெடக்கும். சிம்னிய அடுப்போட கீழ்த்தட்டு மேலயே வச்சு, கீழ ஓட்டை வழியா மூணு எடத்துல பத்த வைக்கணும். மொத அஞ்சு நிமிசம் வெள்ளையா கெட்டிப் புகை வரும், கண்ணு எரியும், தள்ளி நில்லுங்க. அப்புறம் புகை மெலிசாகும், உள்ள சடசடன்னு சத்தம், எட்டிப் பாத்தா அடியில செவப்பு தெரியும். பதினஞ்சு நிமிசத்துல புகையே இருக்காது, குழாய்க்கு மேல காத்து மட்டும் கானல் மாதிரி ஆடும், இருட்டுல பண்ணா மெல்லிசா ஒரு நீலத் தீ தெரியும், மேல இருக்கிற துண்டோட ஓரத்துல சாம்பல் பூத்திருக்கும். அதான் பதம். பெரியப்பா மூட்டத்துல பாத்த புகைதான், இங்க நாலு நாளுக்குப் பதிலா கால் மணி நேரம். கட்டிக் கரின்னா இருவது இருவத்தஞ்சு நிமிசம் ஆகும். கைக்கு கெட்டியான உறை போட்டுட்டு அடுப்புல ஒரு பக்கமா கவுத்துங்க, கால்ல செருப்பு இல்லாம நிக்காதீங்க.

கவுத்துன பெறகுதான் சமையல். கரி பூராவும் ஒரு பக்கம், மறுபக்கம் காலி. மூடிய மூடி அஞ்சு நிமிசம் வலை காயட்டும், அப்புறம் தொறந்து கரிப் பக்கம் வலைக்கு நாலஞ்சு இன்ச் மேல உள்ளங்கைய நீட்டி எண்ணுங்க, ரெண்டு மூணு எண்ணுறதுக்குள்ள கைய எடுத்துட்டீங்கன்னா நல்ல சூடு, அஞ்சு வரைக்கும் தாங்குதுன்னா மிதம். லெக் பீஸை காலிப் பக்கம் வச்சு மூடுங்க, மேல் ஓட்டை கறிக்கு நேரா வர்ற மாதிரி மூடியத் திருப்புங்க, அப்பத்தான் சூடும் புகையும் கறியத் தாண்டிப் போகும். முப்பத்தஞ்சு நாப்பது நிமிசம் ஆகும், நடுவுல ஒரே ஒரு தடவை திருப்புனாப் போதும், சும்மா சும்மா தொறந்து பாக்கக் கூடாது, தொறந்தா காத்து போயி கரி சீறும், உள்ள இருக்கிற சூடு வெளிய போயிரும். கடைசியா கரிக்கு நேர் மேல நகத்தி பக்கத்துக்கு ரெண்டு நிமிசம், தோல் முறுகி ஓரம் மட்டும் கருகும். நான் மொத தடவை பண்ணது இதுக்கு நேர் தலைகீழ்.

வெந்துச்சா இல்லையான்னு கலரைப் பாத்து முடிவு பண்ணாதீங்க, குத்திப் பாக்குற டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்குங்க, அடுப்போட வெலையப் பாத்தா அது காசே இல்ல. கோழிக்கு எலும்பை ஒட்டின எடத்துல 74 டிகிரி செல்சியஸ் வரணும், தொடைக்கு நான் 80 தாண்டியும் விடுவேன், தொடைக்கறி காயாது, எலும்புல இருந்து நழுவி வரும். தயிர்ல ஊறுன மசாலாவ வழிச்சு எடுத்துட்டு வைங்க, கெட்டியா அப்பியிருந்தா கறி வேகுறதுக்குள்ள மசாலா கருகிக் கசக்கும், தேன் சாஸ் எல்லாம் கடைசி அஞ்சு நிமிசத்துலதான்.

மீனு வேற கணக்கு. சங்கரா அரைக்கிலோ சைஸ், ரெண்டு பக்கமும் மூணு கீறல் போட்டு, ரெண்டு பக்கம் மூடுற கம்பிக் கூட்டுல வச்சு நேரா கரி மேல, பக்கத்துக்கு அஞ்சாறு நிமிசம். வலையில நேரா வச்சா ஒட்டிக்கும், ஒட்டுனதைப் பிச்சா தோல் பூரா வலைக்கு, முள்ளு நமக்கு. சுவரொட்டி, அதான் ஆட்டு மண்ணீரல், வாங்குனீங்கன்னா அதுவும் நேரா நெருப்புலதான், சின்ன வயசுல அம்மா வெறகடுப்புத் தணல்ல சுட்டு உப்பு மொளகு போட்டுக் குடுக்குமே, அந்த ருசி எந்தத் தவாவுலயும் வராது. கத்திரிக்காய கடைசியா அடங்குற கரியில போட்டுருங்க, மறுநாள் கொத்சுக்கு ஆகும்.

மாடியில கூல் ரூஃப் டைல்ஸ் ஒட்டியிருந்தா அடுப்புக்கு அடியில செங்கல் பரப்பி மேல ஒரு தகடு போட்டுக்கோங்க, சூட்டுல டைல்ஸ் வெடிச்சிருச்சுன்னா மழைக்கு ஒழுகும். மழை வந்துருச்சுன்னு அடுப்பை எக்காரணம் கொண்டும் ரூமுக்குள்ளயோ, கதவடைச்ச ஷெட்டுக்குள்ளயோ கொண்டு போகக் கூடாது, புகை வரலையேன்னு நெனைக்காதீங்க, புகையில்லாம கணகணன்னு இருக்கிற கரியிலயும் கார்பன் மோனாக்சைடுங்கிற விஷவாயு வரும், வாசமே கிடையாது, கொடைக்கானல் ஊட்டிப் பக்கம் குளிருக்குன்னு கரி அடுப்பை ரூம்ல வச்சுட்டுத் தூங்கி எந்திரிக்காமப் போனவங்களைப் பத்தி எத்தனை தடவை பேப்பர்ல வந்திருக்கு.

முடிஞ்சதும் தண்ணி ஊத்தி அணைக்காதீங்க, சாம்பல் எகிறி மூஞ்சியில அடிக்கும், இரும்பு கோணிக்கும். மேல கீழ ரெண்டு ஓட்டையையும் அடைச்சிட்டுப் போயிருங்க, முக்கா மணி நேரத்துல அடங்கிரும், மிச்சக் கரி அப்படியே அடுத்த வாரத்துக்கு ஆகும், பழைய கரி புதுசை விட சீக்கிரமா பத்தும் வேற. மூடியில்லாத அடுப்புல இந்த மிச்சமே கிடையாது, எரிஞ்சு தீருற வரைக்கும் எரியும், அந்தக் கணக்குலயும் கெட்டில்தான் ஜெயிக்குது. சாம்பலை மட்டும் அன்னைக்கே குப்பைத்தொட்டியில கொட்டாதீங்க, ஒரு நாள் கழிச்சும் உள்ள கங்கு இருக்கும், எங்க பக்கத்து வீட்டுல பிளாஸ்டிக் தொட்டி உருகி ஓடுனதை நான் பாத்திருக்கேன்.

தம்பி, நீ கெட்டிலை மட்டும் ஆர்டர் போடு, அதோட பெட்டியில ஃப்ரீயா வர்ற குட்டி கரிப் பொட்டலத்தை நம்பாத. சிம்னிய பட்டறையில அடிச்சு வை, கரி மதுரையில வாங்காத, அடுத்த மாசம் திருவிழாவுக்கு மானாமதுரை போயிட்டு வர்றப்ப நானே ஒரு மூட்டை தட்டிப் பாத்து எடுத்துட்டு வரேன். மொத தடவை முழுக்கோழியெல்லாம் வேண்டாம், ஒரு கிலோ லெக் பீஸ், நாலு சோளம். குக்கரை ரெடியா வச்சுக்கோ.